சொக்சோ மேல்முறையீட்டுக்கு ஏஜெண்டிடம் போகாதீர்கள்

நோயால் வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ கொடுப்பது இலாட் பென்சன். அது மறுக்கப்பட்ட கடிதம் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் அதிலுள்ள தேதியைப் பாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். மருத்துவக் குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 90 நாள்தான் அவகாசம். எங்களுக்குக் கிடைத்த 90 நாளில் 59 நாளை ஒரு ஆள் வீணாக்கிவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு 52 வயது. பட்டர்வொர்த் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது மெதுவாக நடக்கிறார், ஆனால் கையில் ஒரு டம்ளர் நிற்காது. கம்பெனியில் 11 வருடம் சொக்சோ சந்தா பிடித்திருக்கிறார்கள். கடைசி 40 மாதத்தில் 24 மாதம் சந்தா இருந்தால் போதும் என்பது விதி, அதில் எங்களுக்குக் குறை இல்லை. மருத்துவக் குழு பார்த்துவிட்டு இலாட் இல்லை என்று முடிவு செய்ததால்தான் மறுப்புக் கடிதம் வந்தது.

அந்த முடிவுக்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். டாக்டர்கள் முன்னால் போகிற நாள் என்று அவர் முகம் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கைத்தடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். நடக்க முடியுமா என்று கேட்டார்கள். மலாயில் "போலே", அதாவது முடியும் என்றார். சாப்பிட முடியுமா? "போலே." தனியாகக் குளிப்பாரா? அதற்கும் "போலே." தினமும் குளிப்பாட்டிவிடுகிற நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடம் லோரி ஓட்டிய மனுஷனுக்கு நாலு பேர் முன்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

கடிதம் வந்த பன்னிரண்டாவது நாள், கோப்பிக்கடையில் தெரிந்தவர் ஒருவர் அந்த ஏஜெண்டை அறிமுகப்படுத்தினார். தமிழர்தான். "கவலைப்படாதீங்க தங்கச்சி, எனக்கு உள்ளே ஆள் இருக்கு" என்றார். கைத்தொலைபேசியில் பெரிய மனிதர்களோடு எடுத்த படங்களைக் காட்டினார். முன்பணம் 1,200 வெள்ளி, பென்சன் கிடைத்ததும் முதல் மூன்று மாதப் பணம் அவருக்கு. மாதம் 3,000 வெள்ளி வரும் என்றார்.

அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரரின் சம்பளமே 2,600 வெள்ளி. இலாட் பென்சன் சராசரிச் சம்பளத்தில் 50 விழுக்காட்டில் தொடங்கும். முதல் 24 மாதச் சந்தாவுக்கு மேல் கட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 1 விழுக்காடு கூடும், ஆனால் 65-ஐத் தாண்டாது. 11 வருடத்துக்கு 59 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 1,500 வெள்ளி. சம்பளத்தைவிடக் கூடுதலாகப் பென்சன் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்த விதியே தெரியாது, இல்லையென்றால் தெரிந்தே பொய் சொல்கிறார்.

ஐசி (அடையாள அட்டை) நகல், வங்கிப் புத்தக நகல், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டின் அசல், மறுப்புக் கடிதத்தின் அசல், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடிதங்கள் தன் முகவரிக்கு வந்தால்தான் வேகமாகப் பார்க்க முடியும் என்றார். பிறகு ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்தால் பென்சன் தானாக வந்துவிடும் என்று இன்னொரு 250 வெள்ளி. இது எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிற விஷயம். ஓகேயூ பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதைச் செய்வது சமூக நல இலாகா. இலாட் பென்சன் சொக்சோ. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது.

வாரா வாரம் போன் செய்வேன். "ஃபைல் போயிருச்சு தங்கச்சி, டாக்டர் லீவு" என்பார். அப்புறம் அவரே எடுப்பதில்லை.

71-வது நாள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடிந்ததும் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்து, தூங்காமல் அவரையும் கூட்டிக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஐசி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, மேல்முறையீடு எதுவும் பதிவாகவில்லை என்றார். எனக்குக் கால் நடுங்கிவிட்டது. ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். இங்கே விண்ணப்பத்துக்கும் மேல்முறையீட்டுக்கும் ஒரு காசும் கிடையாது, நீங்களே செய்யலாம் என்று சொல்லி மறுப்புக் கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தார்.

மிச்சம் 19 நாள். அதில்தான் உண்மையான வேலையைப் புரிந்துகொண்டேன். எங்கள் பழைய ரிப்போர்ட்டில் நோயின் பெயரும் மருந்துகளும்தான் இருந்தன. சட்டம் கேட்பது வேறு. நோய் நிரந்தரமானதா, குணமாக வாய்ப்பு உண்டா, தன் உடல் பலத்துக்கு ஏற்ற ஏதாவது ஒரு வேலை பார்த்து, நல்ல உடம்புள்ள தொழிலாளி சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்காவது இவரால் சம்பாதிக்க முடியுமா? லோரி ஓட்ட முடியாது என்பது மட்டும் போதாது. காவலாளி வேலை பார்க்கலாமே என்று கேட்க இடம் இருக்கிறது.

நல்ல வேளை, 80-வது நாள் மறுவாழ்வு மருத்துவ கிளினிக்கில் அவருக்கு முன்பே கொடுத்த தேதி இருந்தது. டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். எத்தனை மீட்டர் நடக்கிறார், எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, கைப்பிடியின் பலம், படியேறும்போது என்ன ஆகிறது, எதற்கெல்லாம் மற்றவர் துணை வேண்டும் என்று சோதித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தேதி மட்டும் இல்லாதிருந்தால் நாங்கள் நாளைத் தவறவிட்டிருப்போம். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதனால் மறுப்புக் கடிதம் வந்த வாரமே கேட்டு வையுங்கள்.

84-வது நாள் மேல்முறையீட்டைக் கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொண்டோம். இனி மேல்முறையீட்டு மருத்துவக் குழு அவரைப் பார்க்கும். இந்தத் தடவை கைத்தடியோடு போவார். ஒரு நாளில் அவரால் செய்ய முடியாதவற்றை மகள் மலாயில் எழுதி வைத்திருக்கிறாள். "போலே" என்று மட்டும் சொல்லாதீங்கப்பா என்று அவள் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

உங்களுக்குச் சந்தா போதவில்லை என்று மறுப்பு வந்திருந்தால், அது மருத்துவக் குழு சம்பந்தப்பட்டதல்ல. அதற்குச் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் என்று தனி வழி இருக்கிறது. மறுப்பு எதனால் என்று கவுண்டரில் தெளிவாகக் கேட்டுக்கொண்டு அப்புறம் இறங்குங்கள்.

ஏஜெண்ட் மேல் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன். பணம் திரும்பவில்லை, அசல் ரிப்போர்ட்டும் வரவில்லை. வங்கிக் கணக்கையும் மாற்றிவிட்டோம். போன சனிக்கிழமை அதே கோப்பிக்கடையில், அதே மேசையில், ஒரு அம்மா மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருடைய கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். 52 நாள் ஆகியிருந்தது. திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் சேர்ந்து கவுண்டருக்குப் போனோம்.