ஏறி ஓட்டும் புல்வெட்டியும் அதன் சீட் சுவிட்சும்

கடந்த சனிக்கிழமையும் சீட் சுவிட்சோடுதான் போனது. எஞ்சின் தொல்லை தந்திருந்தால்கூட வயதாகிவிட்டது என்று விட்டிருப்பேன். தொல்லை தருவது கட்டைவிரல் அளவிலான ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாக: 42 அங்குல வெட்டு, இரண்டு பிளேட், ஒற்றைச் சிலிண்டர், காலால் மிதித்தால் போகும் ஹைட்ரோ கியர். அத்தான் கனடாவிலிருந்து திரும்பி வந்து தலவத்துகொடையில் வீடு கட்டியபோது, வீட்டுச் சாமான்களோடு கொண்டெயினரில் வந்தது. பிறகு அக்காவும் அத்தானும் மறுபடி ரொறன்ரோ போய்விட்டார்கள். வளவும் மெஷினும் என் தலையில்.

கொழும்பில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. வளவு 80 பேர்ச்சஸ், அதாவது அரை ஏக்கர். தாழ்ந்த நிலம், எப்போதும் ஈரம். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் புல் முழங்காலுக்கு வந்துவிடும். டெங்குக் காலத்தில் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து, ஒரு சிரட்டையில் தண்ணீர் நிற்பதைக் கண்டாலே நீதிமன்றம்வரை போகவேண்டி வரலாம். புல்லுக்குள் கிடக்கும் சிரட்டை யார் கண்ணுக்குத் தெரியும்? அதனால் வெட்டித்தான் ஆகவேண்டும்.

சரி, சுவிட்ச். அதன் வேலை எளிது. பிளேட் சுற்றிக்கொண்டிருக்க ஆள் சீட்டை விட்டு எழும்பினால் எஞ்சினை நிறுத்த வேண்டும். என்னுடைய மெஷினில், உட்கார்ந்திருக்கும்போது சுவிட்சின் முனை அமுங்கியிருக்கும். எழும்பியதும் முனை வெளியே வந்து, பிளக்குக்குப் பொறி தரும் மக்னெற்றோவின் வயரை எர்த் பண்ணிவிடும். பிளக்கில் பொறி வராது, எஞ்சின் நிற்கும். யோசித்துச் செய்த ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அந்த சீட் ஸ்பிரிங் யாரை நினைத்துச் செய்யப்பட்டதோ, அவர் 90 கிலோவாவது இருந்திருக்க வேண்டும். நான் 55. தென்னை வேர் மேல் சில்லு ஏறி இறங்கினால் போதும், நான் ஒரு அங்குலம் எழும்புவேன், எஞ்சின் டுப்பென்று நிற்கும். குரும்பட்டி ஏதும் கிடக்கிறதா என்று முன்னால் எட்டிப் பார்த்தாலும் நிற்கும். மதிலோரத்துக் கொய்யாக் கிளைக்குத் தலையைக் குனிந்தாலும் நிற்கும். மறுபடி ஸ்டார்ட் பண்ண ஒரு முறை இருக்கிறது: பிளேட்டை விடுவிக்க வேண்டும், பிரேக்கை மிதிக்க வேண்டும், சாவியைத் திருப்ப வேண்டும், அப்புறம் பிளேட்டைப் போட வேண்டும். பதினொரு மணி வெயிலில் இதை மரத்துக்கு மரம் செய்து பாருங்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு அங்கிள் மதிலுக்கு மேலால் எட்டி, "என்ன தம்பி, பெற்றோல் முடிஞ்சுதா?" என்று கேட்டார். அக்கறையில் கேட்டதுதான். ஆனாலும் அதற்குப் பதில் சொல்கிற மனநிலையில் நான் இல்லை.

இதைக் காட்டிய மெக்கானிக்மார் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வைத்தியத்தைத்தான் சொன்னார்கள்: "டிரெக்ட் பண்ணிவிடுவோம்." அதாவது சுவிட்சுக்குப் போகும் வயரை வெட்டி, முனையில் டேப் சுற்றிவிடுவது. ஒருவர் என்னைக் கேட்காமலே செய்துவிட்டார். பில்லில் 'வயரிங் வேலை' என்று மட்டும் இருந்தது. ஓட்டமென்றால் அப்படியொரு ஓட்டம். வேரென்ன, குழியென்ன, ஒரு இடத்தில் நிற்கவில்லை. சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அப்புறம் அக்காவின் மகன் விடுமுறைக்கு வந்தான். அவனுக்கு இது விளையாட்டுச் சாமான். குறுக்கே தென்னோலை ஒன்று கிடந்திருக்கிறது. பெடலிலிருந்து காலை எடுத்தான், மெஷின் நகராமல் நின்றது, இறங்கிப் போய்க் குனிந்து ஓலையை இழுக்கிறான். அடியில் பிளேட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 21 அங்குல பிளேட் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், அதன் நுனி மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் போகும். விறாந்தையிலிருந்து நான் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை, காதில் ஹெட்செட். ஒன்றும் ஆகவில்லை. ஓலையை எறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். அன்று பின்னேரமே டேப்பைப் பிரித்து வயரைப் பழையபடி இணைத்தேன். தொல்லையும் பழையபடி வந்தது.

இதற்கான ஒரிஜினல் சுவிட்ச் எனக்குக் கொழும்பில் கிடைத்ததில்லை. ரொறன்ரோவிலிருந்து யாராவது வந்தால் சூட்கேஸில் வரும். அது தேய்ந்துபோன ஒரு நாள், பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடைக்காரர் அதை வாங்கி விரலால் அமுக்கி, விட்டு, அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஜப்பான் கார் ஒன்றின் பிரேக் லைட் சுவிட்சைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். யோசித்தால் நியாயம்தான். பிரேக் பெடல் மேலே இருக்கும்போது அந்த முனை அமுங்கி மின் துண்டித்திருக்கும். மிதித்தால் முனை வெளியே வந்து இணையும், பின்னால் விளக்கு எரியும். சீட் சுவிட்சுக்கும் அதே கணக்கு. அதைவிடப் பெரிய லாபம், இதன் உடம்பிலேயே புரி வெட்டி இரண்டு நட் போட்டிருக்கிறது. வேண்டிய உயரத்துக்கு ஏற்றி இறுக்கலாம். அமெரிக்கக் கம்பெனிக்காரன் தராத வசதி. என் எடைக்கு அளவாக ஏற்றி வைத்தேன். இப்போது வேரில் ஏறினாலும் ஓடுகிறது, எழும்பினால் நிற்கிறது. இந்த மெஷினில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அந்த மேசையில் கிடைத்ததுதான்.

ஆனால் மழை இருக்கிறதே. சீட்டின் ரெக்சின் வெயிலில் வெடித்து, உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சு தண்ணீரைக் குடித்து, பிறகு நாட்கணக்காகச் சுவிட்சின் தலையில் சொட்டுகிறது. சில வாரங்களாக மெஷின் ஒரு தடவைகூட நடுவில் நிற்காமல் ஓடியது எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. சனிக்கிழமை கழற்றிப் பார்த்தால் வயர் மாட்டும் இரண்டு லக்கிலும் பச்சைக் களிம்பு. களிம்பு பிடித்தால் எர்த் ஆகாது, எர்த் ஆகாவிட்டால் எழும்பினாலும் எஞ்சின் நிற்காது. யாரும் டேப் சுற்றாமலே டிரெக்ட் ஆகிவிட்டது. சுரண்டி, கிரீஸ் பூசி, சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை உறையாக மாட்டியிருக்கிறேன். நிறுத்தி வைக்கும்போது சீட்டை முன்னால் கவிழ்த்துவிடுகிறேன். ரெக்சினைக் குஷன் வேலை செய்பவரிடம் கொடுக்க வேண்டும், அது எப்போது நடக்குமோ.

இவ்வளவு திட்டிவிட்டு எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கானில் பெற்றோல் வாங்க முடியாமல் மாதக்கணக்கில் சும்மா நின்றது. காபரேட்டரைக் கழுவியதும் எடுத்தது. இன்னொரு தடவை, சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றுச் சுற்றி 'உம்' என்று நிற்க ஆரம்பித்தது. பற்றரி என்றார்கள், த்ரீவீலர் பற்றரி ஒன்றை வாங்கித் தட்டை வளைத்து இருத்தினோம். ஸ்டார்ட்டர் மோட்டார் என்றார்கள், அதையும் கழற்றினோம். கடைசியில் பார்த்தால் வால்வு இடைவெளி. ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அமுக்கத்தைக் கொஞ்சம் வெளியே விடுவதற்கு வால்வை லேசாகத் தூக்கிவிடும் ஏற்பாடு ஒன்று கேம் ஷாஃப்டில் இருக்கிறது. இடைவெளி கூடினால் அந்தத் தூக்கல் வால்வுக்குப் போய்ச் சேராது, முழு அமுக்கத்தையும் ஸ்டார்ட்டர் தனியாகத் தள்ள வேண்டும். மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குச் சமாச்சாரம். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு வைத்துச் சரிசெய்ததும் ஒரே திருப்பில் எடுத்தது.

பிளேட் தண்டின் பெயாரிங் 6203. உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீற்றர், உலகம் முழுக்க ஒரே அளவு. இலக்கத்தைச் சொன்னால் போதும். பெல்ட்தான் ஏமாற்றும். சாதாரண அரை அங்குல வீ பெல்ட் அளவுக்குப் பொருந்தும், ஆனால் பிளேட்டைப் போடும் ஒவ்வொரு தடவையும் பெல்ட் வழுக்கி வழுக்கித்தான் பிடிக்கிறது. சாதாரண பெல்ட் அதைத் தாங்காமல் சீக்கிரம் நீண்டுவிடும். புல்வெட்டிக்கென்றே வரும் பெல்ட்டைத்தான் போட வேண்டும்.

இப்போது என் நண்பன் ஒருவன், ஜா-எல பக்கம் இதே மாதிரி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா மச்சான் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். எடுக்காதே. எஞ்சின் நம் இரண்டு பேரையும் விட அதிக காலம் ஓடும், அது வேறு கதை. உன் 30 பேர்ச்சஸுக்குத் தள்ளும் மெஷின் தாராளம். சனிக்கிழமைகளை வேறு எதற்காவது வைத்துக்கொள். என்னுடையதை விற்கிறாயா என்றும் கேட்காதே, விற்க மாட்டேன்.

இல்லை, போய்ப் பார்த்தே தீருவேன் என்றால், வெளியான இடத்தில் நிறுத்தி, சீட்டில் இருந்து, பிளேட்டைப் போட்டு, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கால் இரண்டையும் பலகையிலேயே வைத்துக்கொண்டு மெதுவாக எழும்பிப் பார். எஞ்சின் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் யாரோ டிரெக்ட் பண்ணியிருக்கிறார்கள், அல்லது உள்ளே களிம்பு. அதைச் சொல்லி விலையைக் குறை. பிரேக் லைட் சுவிட்ச் கதையை மட்டும் விற்பவரிடம் சொல்லிவிடாதே.