வழக்கேட்டின் பிரதி: பதிவாளரிடமா, தகவல் அலுவலரிடமா?

விவாகரத்துத் தீர்ப்பையோ காணி வழக்கின் தீர்ப்பாணையையோ பெற விரும்பும் இலங்கை மலையகத்தவருக்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது, வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவாளருக்கு விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறுவதாகும். வழக்கிலக்கம், தரப்பினரின் பெயர்கள், ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டால் தேடுவது எளிது. இலக்கம் மறந்துபோயிருந்தால் வழக்கை நடத்திய சட்டத்தரணியிடம் முதலில் கேட்பது நல்லது. வடக்கு, கிழக்கைப் போலன்றி நுவரெலியாவிலும் பதுளையிலும் வழக்கேடுகள் பெரும்பாலும் சிங்களத்திலேயே இருப்பதால், மொழிபெயர்ப்புச் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மற்றையது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் கோருவதாகும். நீதிமன்றங்களும் இச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்குகின்றன. காரணம் கூறத் தேவையில்லை. எழுத இயலாத பிரசை வாய்மொழியாகக் கேட்டால் தகவல் அலுவலரே அதனை எழுத்தில் பதிய வேண்டும் என்பது, தோட்டத்து முதியோருக்குப் பெரிய ஆறுதல். கோரிக்கை மீதான முடிவு 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம். ஆயினும் நீதித்துறையின் பக்கச்சார்பின்மையைப் பாதிக்கும் தகவல் மறுக்கப்படலாம்.

மறுமணப் பதிவுக்கோ இன்னொரு வழக்கில் சான்றாகவோ வேண்டுமெனில் பதிவாளரின் முத்திரையிட்ட பிரதியே பயன்படும் என்பதால் நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன்; விண்ணப்பம் பதிலின்றிக் கிடக்கும்போது, அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்க இரண்டாவது உதவும்.