பேட்டரி சைக்கிளும் என் மூன்று பாலிசிகளும்

2021 பிப்ரவரியில், பெட்ரோல் லிட்டருக்கு 90 ரூபாயைத் தாண்டிய மாதத்தில், என் பழைய ஸ்கூட்டரை விற்றுவிட்டு 250 வாட்டுக்கும் குறைவான திறனுள்ள மோட்டார் பொருத்திய பேட்டரி சைக்கிள் ஒன்றை வாங்கினேன். திருப்பாலையிலிருந்து நத்தம் சாலை, தல்லாகுளம், கோரிப்பாளையம், ஏ.வி. பாலம், சிம்மக்கல் வழியாகத் தெற்கு மாசி வீதியில் நான் கணக்கு எழுதும் ஜவுளிக் கடைக்குப் போய்வர, ஒருமுறை சார்ஜ் போட்டால் போதுமானதாக இருந்தது. வண்டி எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். விழுந்தால் பணம் யார் தருவார்கள் என்பதை விழுந்து பார்த்த ஒருவர் எழுதி நான் படித்ததில்லை. நான் விழுந்திருக்கிறேன் என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்கூட்டர் இருந்தபோது காப்பீட்டைப் பற்றி யோசித்ததே கிடையாது. நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அதனுடன் வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பும் 2018 முதல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆண்டுக்கொரு முறை பணம் கட்டினால் வேலை முடிந்தது. சைக்கிளை வாங்கிய பிறகும் அந்த 15 லட்சம் எனக்கு எங்கோ காவலாக நின்றுகொண்டிருப்பதாக நான் நினைத்துக்கொண்டது அறியாமைதான். அந்தக் காப்பு பாலிசியில் குறிப்பிட்ட வண்டியை ஓட்டும்போது மட்டுமே செல்லும். ஸ்கூட்டரை விற்ற அன்றே அதுவும் போய்விட்டது.

பேட்டரி சைக்கிளுக்கு அந்த மாதிரிப் பாலிசியே கிடையாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 2(யு) என்ற விதி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் கீழும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, இவற்றை அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்துச் சான்றளித்திருந்தால், அந்த இருசக்கர வண்டியை மோட்டார் வாகனமாகவே கருத வேண்டியதில்லை என்கிறது. அதனால்தான் பதிவெண் இல்லை, ஓட்டுநர் உரிமம் தேவையில்லை, கட்டாயக் காப்பீடும் இல்லை. கடைக்காரர்கள் இதை ஒரு சலுகையாகவே சொல்லி விற்கிறார்கள். சலுகைதான், ஆனால் மோட்டார் காப்பீட்டின் கூரைக்கு வெளியே நிற்கிறோம் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஆகவே நானே ஒரு கூரையைத் துண்டு துண்டாகக் கட்ட வேண்டியதாயிற்று. வீட்டில் நால்வருக்குமாக 5 லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே இருந்தது. 2021 ஏப்ரலில் இருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்துடன் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த 'சரல் சுரக்ஷா பீமா' என்ற விபத்துப் பாலிசியை, அந்த ஆண்டு ஜூனில் 10 லட்ச ரூபாய்க்கு எடுத்தேன். மரணம், நிரந்தர ஊனம் ஆகியவை அதன் அடிப்படைக் காப்பு. வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கான இழப்பீட்டைத் தனிப் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும், சேர்த்துக்கொண்டேன். மூன்றாவது, வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் தானாகப் பிடிக்கப்படும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம். 12 ரூபாயாக இருந்த அதன் பிரீமியம் 2022 ஜூனில் 20 ரூபாயாயிற்று.

2023 அக்டோபர் இறுதியில், இரவு ஒன்பதரை மணிக்குக் கடை அடைத்துத் திரும்பும்போது, சிம்மக்கல் அருகே மழைநீர் நிறைந்திருந்த குழியில் முன்சக்கரம் இறங்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். வேறு எந்த வண்டியும் இதில் சம்பந்தப்படவில்லை. மணிக்கட்டு எலும்பு இரண்டு இடங்களில் உடைந்திருந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றில் மறுநாள் அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தார்கள். மூன்று நாள் இருந்தேன். பில் 1,18,400 ரூபாய்.

அவசரப் பிரிவில் வலி தாங்காமல் நான் என்ன சொன்னேனோ, எழுதிக்கொண்டவர் எப்படிக் கேட்டுக்கொண்டாரோ, டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எலெக்ட்ரிக் பைக்கிலிருந்து விழுந்ததால் ஏற்பட்ட காயம்' என்று பதிவாகிவிட்டது. 'பைக்' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனைக்குத் தானே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் அனுமதியை நிறுத்தி, ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், வண்டியின் காப்பீட்டு நகல், முதல் தகவல் அறிக்கை ஆகிய நான்கையும் கேட்டது. உரிமம் மட்டும் என்னிடம் இருந்தது. அதுவும் அந்த ஆண்டு ஜூலையில் காலாவதியாகியிருந்தது. சைக்கிள் ஓட்டுகிறவன் உரிமத்தை எதற்குப் புதுப்பிக்க வேண்டும் என்று விட்டுவைத்திருந்தேன். முழுத் தொகையையும் என் மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, ரீஇம்பர்ஸ்மென்ட் முறையில் விண்ணப்பித்தோம். ஐந்தாவது வாரம், செல்லத்தக்க உரிமம் இன்றி மோட்டார் வாகனம் ஓட்டியதால் க்ளெய்ம் ஏற்கப்படவில்லை என்று கடிதம் வந்தது.

கோபத்தில் எழுதிய முதல் பதிலால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவது பதிலை எழுதும் முன், வண்டி விற்ற கடைக்கு நான்கு முறை நடந்து, அந்த மாடலுக்குச் சோதனை நிறுவனம் கொடுத்த ஒப்புதல் சான்றின் நகலைத் தயாரிப்பாளரிடமிருந்து வரவழைத்தேன். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிறுவனங்கள் தரும் சான்று அது. நாம் கேட்காதவரை யாரும் கொடுப்பதில்லை. அந்த நகல், மோட்டாரில் பொறித்திருந்த திறன் விவரத்தின் புகைப்படம், 2(யு) விதியின் வாசகம் ஆகிய மூன்றையும் இணைத்து, நான் ஓட்டியது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே அல்ல, ஆகவே உரிமம் என்ற கேள்வியே எழாது என்று நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்பினேன். மருத்துவப் பாலிசிகளின் பொதுவான விலக்குப் பட்டியலில், குற்ற நோக்கத்துடன் சட்டத்தை மீறும்போது ஏற்படும் காயம்தான் விலக்கப்பட்டிருக்கிறதே தவிர, உரிமம் காலாவதியானவன் சாலைக் குழியில் விழுவது அங்கே இல்லை என்பதையும் சேர்த்து எழுதினேன். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைகேட்பு அதிகாரியிடம், போவதாகவும் குறிப்பிட்டேன். அங்கே வழக்கறிஞரும் வேண்டாம், கட்டணமும் இல்லை. அந்த அளவுக்குப் போகத் தேவைப்படவில்லை. மூன்றாவது வாரம் பணம் வந்தது.

வந்தது 1,06,150 ரூபாய். கையுறை, ஊசிக்குழல் போன்ற பொருட்களுக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் பிடித்தது போக மீதி. பிசியோதெரபிக்கு 22 முறை போனேன், முறைக்கு 300 ரூபாய். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவை என் பாலிசி ஏற்கும் என்பதால், மருத்துவரின் சீட்டுடன் அந்த நாட்களுக்குள் போன 14 முறைக்கு 4,200 ரூபாய் கிடைத்தது. மிச்சம் எட்டு முறை என் கையிலிருந்து. பிசியோதெரபியைத் தள்ளிப்போடாமல் உடனே தொடங்கியிருந்தால் அதுவும் உள்ளே வந்திருக்கும்.

விபத்துப் பாலிசி வேறு நிறுவனத்துடையது. அங்கே எனக்கு மரியாதையாகவே பதில் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போக முடியாத காலத்துக்குக் காப்புத் தொகையில் 0.2 சதவீதம் வாரந்தோறும், அதாவது எனக்கு வாரம் 2,000 ரூபாய். ஏழு வாரத்துக்கு 14,000 ரூபாய் வந்தது. இதற்குக் கடை முதலாளியின் விடுப்புச் சான்று, வேலைக்குத் திரும்பலாம் என்ற மருத்துவரின் சான்று, எக்ஸ்ரே படங்கள் ஆகியவை போதுமானவையாக இருந்தன. சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் வருமானத்தைக் காட்ட என்ன வைத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. 20 ரூபாய்த் திட்டத்திலிருந்து ஒன்றும் வரவில்லை, வரவும் கூடாது: மரணம் அல்லது முழு ஊனத்துக்கு 2 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் என்பதே அதன் வரம்பு, கூடிவிட்ட எலும்பு அதில் சேராது.

விழுந்த இரவில் எனக்குத் தெரியாமல்போன இன்னொன்று, தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது; பாலிசியோ அட்டையோ கேட்பதில்லை; பட்டியலில் உள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும். என்னைச் சேர்த்த மருத்துவமனை பட்டியலில் இல்லை. அரசு ராஜாஜி மருத்துவமனை அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது! மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த, ஏழு நாளுக்கு 1.5 லட்ச ரூபாய் வரையிலான கேஷ்லெஸ் சிகிச்சைத் திட்டம் மோட்டார் வாகனத்தால் நேரும் விபத்துகளுக்கானது. அந்த வரையறையைப் படித்தால், என்னைப் போலத் தானே விழுந்த சைக்கிள்காரருக்கு அதில் இடமிருப்பதாகத் தெரியவில்லை.

இதே இடத்தில் ஒரு கார் மோதி விழுந்திருந்தால் கணக்கு வேறு. அப்போது நான் நடந்து போகிறவரைப் போல மூன்றாம் நபர். கார்க்காரரின் கட்டாயக் காப்பீடே எனக்குப் பொறுப்பு. உடல் காயத்துக்கும் மரணத்துக்கும் அதில் உச்சவரம்பு கிடையாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் சொல்கிறது. காவல் நிலையத்தில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) நகலும் அன்றே வாங்கிவிட்டால் பின்னால் அலைச்சல் குறையும். மோதியவர் நிற்காமல் போய்விட்டால், அடையாளம் தெரியாத வாகன விபத்துக்கான மத்திய அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு.

நாம் ஒருவர் மேல் மோதினால் என்ன ஆகும் என்பதில்தான் என் கூரையில் இன்னும் ஓட்டை இருக்கிறது. மேலூரில் இருக்கும் என் மைத்துனர், என்னைப் பார்த்து வாங்கிய பேட்டரி சைக்கிளில், மெக்கானிக் ஒருவரைக் கொண்டு, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மாற்றி மணிக்கு 40 கிலோமீட்டர் போகும்படி செய்துகொண்டார். பெடலைத் தொடவே வேண்டாம், மாப்பிள்ளை என்று பெருமையாகச் சொன்னார். சந்தைக்கு வந்த வயதான அம்மா ஒருவர் மேல் இடித்து, அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. வேகத்தைக் கூட்டிய கணமே அந்த வண்டி விதி 2(யு)-வின் நிழலை விட்டு வெளியே வந்து, பதிவும் உரிமமும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனமாகிவிட்டது. காப்பீடின்றி ஓட்டியதற்கு மட்டும் முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ அல்லது இரண்டுமோ என்று சட்டம் சொல்கிறது. அதைவிடப் பெரிது, தீர்ப்பாயம் இழப்பீடு விதித்தால் அதைக் கட்ட வேண்டியவர் அவர் மட்டுமே என்பது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, சிகிச்சைச் செலவை முழுக்க ஏற்றுக்கொண்டார். கன்ட்ரோலரைப் பழையபடி மாற்றிவிட்டாரா என்று நான் கேட்கவில்லை, அக்கா கேட்டிருப்பாள்.

மாற்றம் எதுவும் செய்யாத என் சைக்கிள் இடித்திருந்தாலும் பொறுப்பு இல்லாமல் போகாது. காயம்பட்டவர் தீர்ப்பாயத்துக்குப் பதில் சிவில் நீதிமன்றம் போவார், அவ்வளவுதான். கட்ட வேண்டியது நான்.

வண்டிக்கென்றே விற்கப்படும் சைக்கிள் காப்பீட்டையும் ஓராண்டு எடுத்துப் பார்த்தேன். திருட்டுக்குப் பூட்டு உடைக்கப்பட்டதற்கான அடையாளம் வேண்டும், பேட்டரி தண்ணீரில் கெட்டால் கிடையாது, ஆண்டுக்காண்டு தேய்மானம் கழியும் என்ற நிபந்தனைகளைப் பார்த்தபின் புதுப்பிக்கவில்லை. அந்தப் பிரீமியத்துக்கு ஒரு நல்ல சங்கிலிப் பூட்டு வாங்கலாம், வாங்கினேன்.

இப்போது விபத்துப் பாலிசியை 20 லட்சத்துக்கு உயர்த்தியிருக்கிறேன்; வாரத் தொகை 4,000 ஆகிறது. ஓட்டுநர் உரிமத்தையும் புதுப்பித்துவிட்டேன், தேவையில்லை என்று தெரிந்தும். ஒப்புதல் சான்றின் நகல் பாலிசிகளோடு ஒரே உறையில் இருக்கிறது. அவசரப் பிரிவில் கேட்டால் 'சைக்கிள்' என்று சொல்ல வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், அதுவே உண்மையும்கூட.

சில வீட்டுக் காப்பீட்டுப் பாலிசிகளில், குடும்பத்தினரால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான தனிநபர் பொறுப்புக் காப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். முகவர் காட்டிய பாலிசியில் 'இயந்திரத்தால் இயங்கும் வாகனம்' விலக்கு என்று ஒரு வரி இருந்தது. பெடலும் மோட்டாரும் சேர்ந்த என் சைக்கிள் அந்த வரிக்குள் வருமா, வராதா என்று கேட்டு, விதி 2(யு)-வின் வாசகத்தையும் சான்றின் நகலையும் இணைத்துப் போன மாதம் கடிதம் எழுதினேன். எழுத்தில் பதில் வரட்டும் என்று பிரீமியத்தைக் கட்டாமல் வைத்திருக்கிறேன்.