அவலோகிதம் யாப்பு மென்பொருள்: ஒரு குறளை வைத்து ஒரு மதிப்பீடு

மரபுப் பாடலொன்றை உள்ளிட்டால் அதன் அசை, சீர் (அசைகள் சேர்ந்தது), தளை (சீரும் சீரும் இணையும் முறை), அடி, தொடை (எதுகை, மோனை போன்றவை) ஆகியவற்றைப் பிரித்துக் காட்டி, பாவகையையும் சொல்லிவிடுகிறது அவலோகிதம். வெண்பா எழுதிப் பழகுவோருக்கும் யாப்பிலக்கணம் கற்பிப்போருக்கும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் கருவிகளில் இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதற்குறளை (1151) எடுத்துக்கொள்வோம்.

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை.

பிரிந்து போகவில்லை என்றால் எனக்குச் சொல்; விரைந்து திரும்புவேன் என்பதை, அதுவரை உயிர் வாழ்பவர்க்குச் சொல் என்பது இதன் பொருள். சீர்களுக்குரிய வாய்பாட்டுப் பெயர்களால் சொன்னால், முதலடி தேமாங்காய், தேமா, கருவிளம், கூவிளம் என்றும், ஈற்றடி கூவிளங்காய், தேமா, மலர் என்றும் அலகு பெறுகின்றன. காய் என முடியும் சீரின்முன் நேரசையும், மாமுன் நிரையசையும், விளமுன் நேரசையும் வருவதால், வெண்பாவுக்குரிய வெண்டளை ஓரிடத்திலும் பிறழவில்லை. செல், வல் என்று எதுகையும், வல்வரவு, வாழ்வார் என்று மோனையும் அமைந்திருக்கின்றன. தாளில் அலகிட்டுச் சரிபார்க்கச் சற்று நேரம் பிடிக்கும் இவ்வேலையைக் கருவி நொடியில் முடித்துவிடுகிறது.

பாடலை உள்ளிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எளிதாகப் படிப்பதற்காகப் பதம் பிரித்து அச்சிட்ட பாடத்தை எடுத்து, "வாழ்வார்க்கு உரை" என்று இட்டால், தேமாவாக நின்ற சீர் தேமாங்காயாகும். காய்முன் நிரை வந்து, வெண்பாவுக்கு ஒவ்வாத கலித்தளையாகிவிடும். ஆகவே சீர் பிரித்த பாடத்தையே இட வேண்டும்.

இப்படிச் சீருக்காகச் சொல்லை நடுவே பிரிக்கும் வகையுளியில்தான் குறளின் உயிர் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முதலடியில் "எனக்குரை" ஒரே சீருக்குள் உறுதியாக அடங்கி நிற்கிறது. ஈற்றடியிலோ அதே "உரை", சொல்லின் நடுவே சீர் அறுபட்டு, தொண்டை அடைத்துப் பேசுபவரின் குரலாக ஒலிக்கிறது. உரையாசிரியர் பரிமேலழகர் இதைத் தலைவியின் தோழி கூற்றாகக் கொள்கிறார். அப்படிப் படித்தால், பிரியத் துணிந்த தலைவனைத் தடுத்து நிறுத்தும் வெகுளி மேலோங்குகிறது. தலைவியே பேசுவதாகப் படித்தாலோ, நீ விரைந்து திரும்பினாலும் அதுவரை நான் உயிரோடு இருக்கமாட்டேன் என்னும் அழுகை முன்னே வந்துவிடுகிறது. தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளுள் (உணர்ச்சி வெளிப்பாடுகளுள்) இங்கே எது நிற்கிறது என்பதைத் தளைக் கணக்கு தீர்மானிப்பதில்லை. கூற்று யாருடையது என்று வாசகர் கொள்வதே தீர்மானிக்கிறது.

மாணவர்கள் முதலில் சில பாடல்களையாவது கையால் அலகிட்டுப் பழகட்டும். அதன்பின் அவலோகிதத்தைத் திறந்து விடையைச் சரிபார்த்துக்கொண்டு, வகுப்பில் மிஞ்சும் நேரத்தைக் குறளை இருவர் கூற்றாகவும் உரக்கப் படித்துப் பார்ப்பதற்குக் கொடுக்கலாம்.