தேக்காவா, ஈரச்சந்தையா, பேரங்காடியா? நால்வர் குடும்பத்துக்கு ஒரு வாரக் கணக்கு

துவரம்பருப்பை வீட்டுக்குக் கீழே இருக்கும் பேரங்காடியில் அரைக் கிலோ அரைக் கிலோவாக வாங்குகிறவரும், முள்ளங்கிக்காக எம்ஆர்டி ரயில் ஏறி லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போகிறவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவரும் பொருளைப் பார்க்காமல் கடையை முடிவு செய்துவிட்டார்கள். "எந்தக் கடை மலிவு?" என்ற கேள்விக்குச் சிங்கப்பூரில் நேரான பதில் கிடையாது. எந்தப் பொருளை எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டால் தெளிவான பதில் உண்டு.

இந்த அலசலுக்கு எடுத்துக்கொண்ட வீடு இப்படி: பெரியவர் இருவர், பள்ளிப் பிள்ளைகள் இருவர். வாரத்தில் மூன்று காலை இட்லி அல்லது தோசை. ஒருநாள் மீன், ஒருநாள் கறி, வெள்ளிக்கிழமை சைவம். ஐந்து இரவு வீட்டுச் சமையல், ஒரு இரவு மிச்சத்தை வைத்து ஒப்பேற்றல், ஒரு இரவு உணவங்காடி நிலையம். ஏழு இரவுக்கும் திட்டம் போடாதீர்கள். எப்படியும் ஒருநாள் வெளியே சாப்பிடத்தான் போகிறீர்கள். அன்றைக்கென்று வாங்கிய காய் அடுத்த வாரம் குப்பைக்குப் போகும்.

தேக்காவும் முஸ்தபாவும்: மாதம் ஒருமுறை

பருப்பு, இட்லி அரிசி, உளுந்து, மிளகாய், தனியா, புளி, பெருங்காயம் ஆகியவற்றில், தேக்காவும் முஸ்தபா பல்பொருள் அங்காடியும் இருக்கும் சிராங்கூன் சாலை வட்டாரத்தை மற்ற இடங்கள் விலையிலும் தரத்திலும் எட்டுவது கடினம். சரக்கு வேகமாக நகர்வதால் பழசு அதிகம் தேங்காது. 2 கிலோ, 5 கிலோ பைகள் எளிதாகக் கிடைக்கும். பேரங்காடியில் இதே பருப்பு பெரும்பாலும் 500 கிராம் பொட்டலம்தான். கிலோவுக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும்.

நால்வருக்கு மாதக் கணக்கு: துவரை 2 கிலோ (வாரம் மூன்று சாம்பார், ஒவ்வொன்றுக்கும் 150 கிராம்), பாசிப்பருப்பு 1 கிலோ, கடலைப்பருப்பு அரைக் கிலோ, உளுந்து 1 கிலோ, தனியா 500 கிராம், புளி 500 கிராம். 5 கிலோ இட்லி அரிசி ஆறு வாரம் வரும். இதற்கு மேல் வாங்கினால் இந்த ஈரக்காற்றில் வண்டுக்குத்தான் லாபம். பருப்பு வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தோடு மூன்று நான்கு நாள் ஃப்ரீசரில் வையுங்கள், உள்ளே இருக்கும் முட்டைகள் செத்துப்போகும். வெளியே எடுத்தவுடன் பிரிக்கக்கூடாது. அறைச்சூட்டுக்கு வந்த பிறகு டப்பாவில் கொட்டினால்தான் நீர் கோக்காது. ஆட்டா மாவை மட்டும் மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்க வேண்டாம். முழுக்கோதுமை மாவு சிக்கெடுத்துக் கசக்கும்.

அரிசிப் பீதியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியா 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது பலர் புழுங்கல் அரிசியையும் மூட்டை மூட்டையாக அடுக்கினார்கள். புழுங்கலுக்குத் தடையே இல்லை, அடுத்த மாதம் 20 விழுக்காடு ஏற்றுமதி வரிதான் வந்தது. வெள்ளை அரிசித் தடையும் 2024 செப்டம்பரில் நீங்கியது. கையிருப்பாக ஒரு பை கூடுதலாக இருந்தால் போதும்.

காய்களில் தேக்காவுக்கென்றே போக வேண்டியவை சில: முருங்கைக்காய், அவரை, கொத்தவரை, சின்ன வெங்காயம், கட்டுக் கறிவேப்பிலை. சின்ன வெங்காயத்தின் கழுத்தை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் பத்து நாளில் முளைக்கும். கறிவேப்பிலையைக் கழுவாமல் உருவி, துணியில் ஒற்றி, டிஷ்யூ விரித்த எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் பச்சையாக இருக்கும். டிஷ்யூ நனைந்தால் மாற்ற வேண்டும். மறந்தால் ஒரே வாரத்தில் கறுத்துவிடும். ஆட்டுக்கறியும் இங்கேதான். எலும்போடு வாங்குகிறீர்களா, தனிக்கறியா என்பதைச் சொல்லிவிட்டு விலை கேளுங்கள். இரண்டின் விலையையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது.

முஸ்தபாவுக்குப் போவதானால் வாரநாள் இரவு. ஞாயிறு மாலைக் கூட்டத்தில் விலைச்சீட்டைப் படிக்கக்கூட நிற்க முடியாது. அங்கே பணம் கரைவது பருப்பில் அல்ல, பருப்புக்குப் போகும் வழியில் இருக்கும் பிஸ்கட்டிலும் ஊறுகாயிலும். போக வரப் பயணக்கட்டணம் ஒருவருக்கு ஏறத்தாழ 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வையுங்கள். மாதச் சாமானுக்கு அது தெரியாது, ஒரு கட்டு முருங்கைக்காய்க்கு அதுவே அநியாயம்.

அக்கம்பக்க ஈரச்சந்தை: நம் காய்க்கு வேறு பெயர்

மீன், கறி, காய் விற்கும் இந்தச் சந்தையைத்தான் நம்மவர்கள் அதிகம் குறைத்து மதிப்பிடுகிறார்கள். "இந்தியக் காய் தேக்காவில்தான்" என்பது பாதிதான் உண்மை. பாயம் என்று மலாய்ப் பெயர் சொல்லி விற்பது நம் முளைக்கீரைக் குடும்பம்தான். காச்சாங் பாஞ்சாங் என்றால் பயத்தங்காய், பெட்டோலா என்றால் பீர்க்கங்காய், லோபாக் என்றால் முள்ளங்கி. வெண்டை, கத்தரி, பாகல், பூசணி எல்லாம் மலேசியாவிலிருந்து தினமும் வந்து இறங்குபவை. பாகற்காய் மட்டும் பெரிதாக, வெளிறி இருக்கும். கசப்புக் குறைவு, பிட்லைக்குச் சரி, மொறுமொறு வறுவலுக்குச் சரியில்லை. இவற்றுக்காக ரயில் ஏறத் தேவையில்லை.

"சந்தையில் ஜிஎஸ்டி கிடையாது, அதனால் 9 விழுக்காடு மிச்சம்" என்று சொல்வார்கள். கணக்கு அப்படி வராது. ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடை பொருள் சேவை வரிக்குப் பதிய வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் மொத்த வியாபாரி அவருக்கு விற்கும்போதே வரியைச் சேர்த்திருக்கக்கூடும். பேரங்காடி விலைச்சீட்டிலும் வரி சேர்ந்தேதான் இருக்கும். ஆக, இரண்டு இடத்திலும் எழுதியிருக்கும் விலையை அப்படியே ஒப்பிடுங்கள்.

மீனில் கணக்கு இன்னும் நுணுக்கம். எடை போடுவது முழு மீனை. சுத்தம் செய்த பிறகு கையில் வருவது குறைவு. எடுத்துக்காட்டுக்கு, கெம்போங் எனும் கானாங்கெளுத்தி கிலோ 10 வெள்ளி, தெங்கிரி எனும் வஞ்சிரத் துண்டு கிலோ 22 வெள்ளி என்று வைப்போம். கானாங்கெளுத்தியில் தலை, குடல் போக 60 விழுக்காடு மிஞ்சினால், சாப்பிடும் மீன் கிலோ 16.70 வெள்ளி ஆகிறது. வஞ்சிரத் துண்டில் கழிவு சொற்பம், 23 வெள்ளிக்குப் பக்கம். பாதிக்கும் குறைந்த விலை போலத் தெரிந்தது, உண்மையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைவு. தலையைக் குழம்பில் போடுகிற வீடானால் கானாங்கெளுத்தியே வெல்லும். பிள்ளைகள் முள்ளுக்குப் பயந்து தட்டில் பாதியை விடுகிற வீடானால் வஞ்சிரம்தான் மலிவு.

திங்கட்கிழமை பல மீன் கடைகள் மூடியிருக்கும், அன்று சந்தைக்குப் போய்ப் பயனில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நல்ல மீன். பதினொன்றரைக்கு மேல் கீரையும் காயும் கூறாகப் போட்டு விலை இறங்கும், ஆனால் அன்றோ மறுநாளோ சமைக்கிறவருக்கு மட்டும்தான் அது மிச்சம்.

துருவிய தேங்காய்க்கும் சந்தைதான். ஒரே ஒரு எச்சரிக்கை: துருவல் வெயிலில் இரண்டு மணி நேரம் பையில் கிடந்தால் புளித்த வாடை வந்துவிடும். அதைக் கடைசியாக வாங்குங்கள். வீட்டில் 100 கிராம் பொட்டலங்களாகத் தட்டையாக அழுத்தி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு சட்னிக்கு ஒன்று.

பேரங்காடி: கனமானதும் உறைந்ததும்

30 முட்டைத் தட்டு, எண்ணெய், பால், சீனி, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, உறைந்த கோழி. இவை போதும். பச்சைமிளகாய், கொத்தமல்லி, கறிவேப்பிலை பிளாஸ்டிக் உறையில் வரும்போது கிலோ விலை எங்கோ போய்விடும், அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

பேரங்காடிகளில் ஃபேர்பிரைஸா ஷெங் சியோங்கா என்ற வாதத்துக்கு முடிவே இல்லை. ஃபேர்பிரைஸின் பலம் அதன் சொந்த முத்திரைப் பொருள்களும் தள்ளுபடி நாட்களும். அரசு முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை என்று வகுத்திருக்கும் மூத்தோருக்கும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் குறிப்பிட்ட வாரநாட்களில் 2, 3 விழுக்காடு குறையும். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் எண்ணெயையும் அரிசியையும் அந்த நாளுக்குத் தள்ளிவையுங்கள். ஷெங் சியோங்கின் பலம் மீனும் காயும். ஈரச்சந்தை இல்லாத வட்டாரத்தில் அதுவே சந்தை. ஒரே வாரத்தில் இரண்டுக்கும் போகாதீர்கள். இரண்டாவது கடையில் முட்டைக்கு 30 காசு மிச்சம் பிடித்து 8 வெள்ளிக்கு ஐஸ்கிரீம் வாங்குவதே வழக்கம். விலையை மட்டும் ஒப்பிட, பயனீட்டாளர் சங்கத்தின் 'பிரைஸ் காக்கி' செயலி இருக்கிறது, வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

உறைந்த இறாலில் எடையைக் கவனியுங்கள். பொட்டலத்தில் பனிப்பூச்சோடு ஓர் எடையும், பனி நீங்கிய எடையும் இருந்தால் பின்னதைக் கொண்டு வகுக்க வேண்டும். "இரண்டு வாங்கினால்" சலுகை எண்ணெய்க்குச் சரி, தயிருக்குத் தவறு. பை கொண்டுபோங்கள். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாரு? அதற்கென்றே போக வேண்டாம். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் வரிவிலக்கு 100 வெள்ளிப் பொருளுக்குத்தான். இறைச்சிக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிகள் தனி, காரில் போனால் கிளம்பும்போதே முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும், பாலத்தில் நிற்கும் நேரம் வேறு. வேறு வேலையாகப் போனால் சலவைத்தூள், ஷாம்பு வாங்கிவரலாம்.

குடும்பங்களுக்கு அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டில் பாதியைப் பேரங்காடியில் செலவழிக்க முடியாது, அது உணவங்காடிக்காரர்களுக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும். பலர் அதைக் காப்பியிலும் மீ கோரெங்கிலும் தீர்த்துவிடுகிறார்கள். பங்கேற்கும் ஈரச்சந்தைக் கடைகளிலும் அது செல்லும். மீனுக்கும் கறிக்கும் வைத்துக்கொண்டால் மாதச் செலவில் கண்ணுக்குத் தெரியும் குறைவு வரும். 2, 5, 10 வெள்ளிச் சீட்டுகள், மீதிச் சில்லறை தரமாட்டார்கள். 13 வெள்ளி மீனுக்கு 10ம் 2ம் கொடுத்து 1 வெள்ளியைக் கையிலிருந்து கொடுங்கள்.

அரைத்த மாவா, பாக்கெட் மாவா

800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைய மாவு, ஏறத்தாழ 45 இட்லி, நால்வருக்கு மூன்று காலை. 150 வாட் கிரைண்டர் அரை மணி ஓடினால் மின்செலவு மூன்று காசுக்குள். அதே அளவுக்குப் பாக்கெட் மாவு இரண்டு மூன்று வாங்க வேண்டிவரும். விலையில் போட்டியே இல்லை, வீட்டு மாவுதான்.

தோற்பது புளிப்பில். இங்கே இரவிலும் சமையலறைச் சூடு 28 பாகைக்குப் பக்கம். ஊரில் பன்னிரண்டு மணி நேரம் விட்ட பழக்கத்தில் விட்டால் மாவு பாத்திரம் வழிந்து, மூன்றாம் நாள் தோசைகூடப் புளிக்கும். உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்து அரையுங்கள், ஏழு மணி நேரத்தில் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். இரவு பத்துக்குக் கரைத்தால் காலை ஐந்து. அந்நேரம் எழ முடியாதென்றால் பாதி மாவைப் புளிக்கவிடாமல் அப்போதே உள்ளே வைத்துவிட்டு, வேண்டிய முந்தின இரவு எடுத்து வெளியே வையுங்கள். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்குப் பாக்கெட்டே மேல். மிஞ்சிய மாவைக் கொட்டினால் லாபமும் சேர்ந்து போகும்.

பட்டியலா, கெடும் வரிசையா

வாரத்திட்டத்தில் இரண்டு வழி உண்டு. திங்கள் இது, செவ்வாய் அது என்று முதலிலேயே எழுதிவிட்டுக் கடைக்குப் போவது ஒன்று. சந்தையில் நல்லதாக, மலிவாக இருப்பதை வாங்கிவந்து எது முதலில் கெடுமோ அதை முதலில் சமைப்பது மற்றொன்று. முதல் வழியில், எழுதிய காய் அன்று விலை ஏறியிருந்தாலும் வாங்கியே தீர வேண்டியிருக்கிறது. இரண்டாவதற்கு ஓட்டு போடலாம், ஒரு நிபந்தனையோடு: வாரத்துக்கு ஐந்து காய், அதில் கீரை ஒன்றுதான்.

சனி மீன். வாங்கிய ஒரு கிலோவில் பாதி அன்று, மீதி மஞ்சள் உப்புத் தடவிப் பையில் தட்டையாக ஃப்ரீசருக்கு. ஞாயிறு கறியும் முள்ளங்கியும். கீரை திங்களைத் தாண்டக்கூடாது. செவ்வாய் வெண்டை அல்லது கத்தரி. புதன் வெளியே. வியாழன் முட்டைக்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல். கோஸ் அதுவரை அசையாமல் இருக்கும்.

வெள்ளி சைவநாள் என்பது இந்த வரிசைக்கு வாய்ப்பாக அமைந்தது. பெட்டியில் அரைத் துண்டு பூசணி, இரண்டு கத்தரி, வாடிய பயத்தங்காய் எது இருந்தாலும் கதம்ப சாம்பாருக்குப் போகும். சாம்பாருக்குப் போடப் பூசணியும் கிழங்கும் தவிர ஒன்றுமில்லை என்றால் போன சனிக்கிழமை வாங்கிய அளவு சரி. மூன்று காய்க்கு மேல் கிடந்தால் நாளை சந்தையில் ஒரு காயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.