குன்னூர் தேர்வாணையப் பயிற்சி வகுப்பு: அமைச்சரவைப் பாடம்

குன்னூரில் ஞாயிறுதோறும் நடைபெறும் இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டது அமைச்சரவைப் பாடம்தான். 2003ஆம் ஆண்டின் 91ஆவது அரசியலமைப்புத் திருத்தம் விதித்த 15 விழுக்காட்டு வரம்பால், 234 உறுப்பினர்களைக் கொண்ட நம் பேரவையில் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேருக்கு மேல் அமைச்சராக இயலாது என்பதை ஆசிரியர் கரும்பலகையில் கணக்கிட்டே காட்டினார். 2021இல் எங்கள் தொகுதியில் வென்ற கா. ராமச்சந்திரன் அவ்வாண்டே வனத்துறையையும், 2022 டிசம்பர் மாற்றத்தில் சுற்றுலாத்துறையையும் ஏற்று, 2024இல் அரசு தலைமைக் கொறடா (பேரவையில் ஆளுங்கட்சி உறுப்பினர்களை ஒருங்கிணைப்பவர்) ஆன வரலாற்றைக் கொண்டே இலாகா மாற்றத்தை விளக்கியது, இரண்டு துறைகளையும் நம்பி வாழும் மலைவாசிகளான எங்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. ஸ்காட்லாந்தில் அமைச்சர் நியமனத்துக்கு அங்குள்ள நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும் என்ற ஒப்பீடு அருமை. அச்சிட்ட குறிப்பேடு மட்டும் பழையது. துறைப் பட்டியலை நானே பென்சிலால் திருத்திக்கொண்டேன். புதிய பதிப்பை உடனே தர வேண்டும்.