பழைய எச்61 டெஸ்க்டாப்பில் ஏழாயிரம் ரூபாய்: எதில் போட்டேன், எதில் போடவில்லை

முதலில் மெஷின் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2013-ல் சேலத்திலேயே அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் எச்61 சிப்செட் போர்டு (மதர்போர்டு), பெண்டியம் ஜி2020 பிராசஸர், 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், கேபினெட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). டிஸ்கில் இரண்டு விண்டோஸ்: பக்கம் வடிவமைக்கும் பழைய சாஃப்ட்வேரான பேஜ்மேக்கருக்காக 7, மற்ற வேலைக்கு 10. என் தொழில் டிடிபி, அதாவது அச்சுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கடைகளுக்கு பில் புக். ஆடி பிறந்துவிட்டால் தெருவுக்குத் தெரு மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ். வீடு அம்மாபேட்டையில், இரண்டு பக்கமும் தறி. தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

2022 வாக்கில் மெஷினை ஆன் செய்துவிட்டு அடுப்பில் பால் வைத்து, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் கர்சர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கேட்டேன். "அக்கா, பத்து வருசத்து போர்டு. இதுல காசு போடாதீங்க. ஒரு முப்பதாயிரம் இருந்தா புதுசா எடுத்துரலாம்" என்றார் அந்தத் தம்பி. அவர் சொன்னதில் தப்பில்லை. என்னிடம் முப்பதாயிரம்தான் இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பிராசஸர் பாதி நேரம் சும்மா இருந்தது. டிஸ்க் என்ற இடத்தில் மட்டும் 100 சதவீதம். பணத்தை எங்கே போடவேண்டும் என்பதை மெஷினே சொல்லிவிட்டது.

அதனால் முதல் செலவு எஸ்எஸ்டி, சுற்றும் தட்டுக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். கிங்ஸ்டன் ஏ400, 240 ஜிபி, ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். இன்றைக்கு வரை இந்த மெஷினில் போட்ட காசில் முழுசாகப் பலன் கொடுத்தது இதுதான். ஹார்டு டிஸ்கில் தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றினாலும், ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் அதன் முனை இடம் மாறிப்போய்த் தேடவேண்டும். ஒரு தேடலுக்குப் பத்து மில்லி விநாடி ஆகிறது. விண்டோஸ் எழும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, அதனால் அந்தக் காத்திருப்பு மொத்தமும் போய்விடுகிறது. மாற்றிய அன்றிலிருந்து அரை நிமிடத்துக்குள் வேலைக்குத் தயார்.

"எச்61-ல் சாட்டா 2 போர்ட்தான் இருக்கிறது, எஸ்எஸ்டி போட்டு என்ன பிரயோஜனம்" என்று சிலர் சொல்வார்கள். சாட்டா என்பது டிஸ்கை போர்டில் மாட்டும் இணைப்பு; 2 என்பது அதன் பழைய, மெதுவான வகை. அட்டையில் விநாடிக்கு 500 எம்பி என்று போட்டிருக்கும். இந்த போர்டில் 270-ஐ ஒட்டித்தான் வரும், உண்மை. ஆனால் அந்த 500 தேவைப்படுவது பெரிய சினிமா ஃபைலைக் காப்பி செய்யும்போது. தினசரி வேலையில் உறைப்பது அந்தத் தேடல் நேரம் மட்டும்தான். என்விஎம்இ (இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகை) அடாப்டர் கார்டு போடச் சொல்லி வரும் யோசனையைக் காதில் வாங்காதீர்கள். அந்தக் காலத்து போர்டின் பயோஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்) அதிலிருந்து பூட் ஆகாது. பயோஸையே திருத்தவேண்டும், அது நமக்கு வேண்டாத வேலை.

எஸ்எஸ்டி போடும்முன் பயோஸில் சாட்டா மோடு ஏஎச்சிஐ-யில் (எஸ்எஸ்டிக்கு ஏற்ற முறை) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அசெம்பிள் செய்தவர் பழைய முறையான ஐடிஇ-யில் விட்டுப்போயிருக்கலாம். விண்டோஸ் ஏற்றிய பிறகு மாற்றினால் அப்படியே நீலத்திரை காட்டி நிற்கும். பழைய கேபினெட்டில் எஸ்எஸ்டிக்கு இடம் இருக்காது; எடை ஒன்றுமே இல்லாத பொருள், இரண்டு பக்கம் ஒட்டும் டேப்பில் ஒட்டிவிட்டால் போதும். எனக்கு இன்னும் அந்த டேப்தான்.

எஸ்எஸ்டி தேய்ந்துபோகும் என்ற பயம் எனக்கும் இருந்தது. இந்த மாடலுக்குக் கம்பெனி சொல்லும் எழுதும் அளவு 80 டிபி (80,000 ஜிபி). இத்தனை வருடத்தில் நான் எழுதியது அதில் எட்டில் ஒரு பங்கு கூட இல்லை. பத்திரிகை அடிக்கிறவர்கள் எஸ்எஸ்டியைத் தேய்த்துத் தீர்க்க முடியாது.

அடுத்தது ராம். இங்கேதான் பழைய மார்க்கெட்டில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு ஒரு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் வேண்டும். ஆன்லைனில் பார்த்தால் அதே 8 ஜிபி சில இடங்களில் பாதி விலைக்குக் கிடைக்கும். அவற்றில் பல, இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி போர்டுக்கு மட்டும் ஓடுகிற வகை. விவரத்தில் எங்கோ ஓரத்தில் எழுதியிருப்பார்கள், சில சமயம் அதுவும் இருக்காது. இன்டெல் போர்டில் போட்டால் திரையே வராது. இன்னொரு சிக்கல், இந்தத் தலைமுறை இன்டெல் பிராசஸர்களுக்கு அடர்த்தி அதிகமான 8 ஜிகாபிட் சிப்புகள் ஒத்துவராது. எனவே 8 ஜிபி ஸ்டிக்கைத் திருப்பிப் பாருங்கள்: பக்கத்துக்கு எட்டாக இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப்பு இருந்தால் எடுங்கள். ஒரே பக்கம் எட்டு மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் என்றால் பயமில்லை, பெரும்பாலும் 1.5 வோல்ட்டிலும் ஓடும்.

சென்னைக்குப் போன மாமா ரிச்சி ஸ்ட்ரீட்டில் இந்தக் குறிப்பைக் காட்டியே தொள்ளாயிரத்துக்கு வாங்கி வந்தார். "ராமைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கறவரு நீங்கதான் சார்" என்று கடைக்காரர் சொன்னாராம். பழைய 4 ஜிபியோடு சேர்த்து இப்போது 12 ஜிபி. அளவு வேறுவேறாக இருந்தாலும் ஓடுகிறது. குரோமில் பத்து டேப் திறந்து வைத்துக்கொண்டு இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் சாஃப்ட்வேரில் ஒரு பேனர் போட முடிகிறது; எனக்கு அதற்குமேல் தேவையில்லை.

இப்போது தறி. தறி ஓடும் தெருவில் காற்றில் பஞ்சு எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பிராசஸர் ஃபேன் அதை இழுத்து, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் இடுக்குகளில் சேர்த்து வைக்கும். கேபினெட்டைத் திறந்து ஃபேனைக் கழற்றினால் அடியில் மெத்தை மாதிரி ஒரு படலம், விரலால் உரித்து எடுக்கலாம். சேலத்தில் சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது மெஷின் திணறியதற்குக் காரணம் பிராசஸரின் வயசு இல்லை, இந்தப் பஞ்சு. சுத்தம் செய்து, பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் காய்ந்துபோயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு வைத்ததும் வேலை நேரத்துச் சூடு எண்பதுகளிலிருந்து அறுபதுக்கு வந்தது. செலவு நூற்றைம்பது ரூபாய். சாதாரணமாக வருடத்துக்கு ஒரு தடவை போதும் என்பார்கள்; அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை பக்கம் இருக்கிறவர்கள் பண்டிகைக்கு பண்டிகை திறந்துவிடுங்கள். புளோயர் வைத்து ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும், இல்லாவிட்டால் வேகமாகச் சுழன்று பேரிங் போகும். இன்டெல் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் கால்களும் போர்டுக்குப் பின்னால் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆன் செய்யவும்.

எஸ்எம்பிஎஸ் மாற்றியதை வெளியில் யாருக்கும் காட்ட முடியாது, வேகம் துளியும் கூடாது. ஆனாலும் எஸ்எஸ்டிக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வேன். கேபினெட்டோடு வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்-ல் 450 வாட் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை விட்டுவிட்டு, கீழே 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருவதுதான் நிஜமாகப் பயன்படும் சக்தி. என்னுடையதில் அது சொன்னதில் பாதிகூட வரவில்லை. கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த மாதிரி மெஷின் முழு வேலையிலும் நூறு வாட்டுக்குள்தான் இழுக்கும், எனவே வாட் எனக்குப் பிரச்சினையே இல்லை. மாலையில் வோல்டேஜ் இறங்கி ஏறும்போது, கரண்ட் போய் யூபிஎஸ்-க்கு மாறும்போது, நிதானமாக நிற்கிறதா என்பதுதான் கேள்வி. பழையது நிற்கவில்லை, தானாக ரீஸ்டார்ட் ஆகும். திறந்து பார்த்தால் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தது. அது போர்டையும் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போவதற்குள் இரண்டாயிரத்து முந்நூறு கொடுத்து ஒரு நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் போட்டேன். அதற்குப் பிறகு தானாக அணைந்ததே கிடையாது.

நாற்பது ரூபாய் சமாச்சாரம் ஒன்று: போர்டில் தேதியைக் காக்கும் சிஆர்2032 பேட்டரி. அது தீர்ந்து, ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போனால், எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை வரும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் அடித்தவர்களை எனக்குத் தெரியும்.

பிராசஸரை 2023-ல்தான் மாற்றினேன், கடைசியாக. பழைய ஐ5-3470, ஆயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டு கோர் இருந்த இடத்தில் நான்கு. ஏற்கெனவே இருந்த பெண்டியமும் அதே ஐவி பிரிட்ஜ் (மூன்றாம் தலைமுறை) வகை என்பதால் பயோஸைத் தொட வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் தலைமுறை வைத்திருப்பவர்கள் முதலில் பயோஸ் அப்டேட் செய்துவிட்டுத்தான் மூன்றாம் தலைமுறையைப் போடவேண்டும். வித்தியாசம் தெரிகிறதா? பிடிஎஃப் ஏற்றுமதி செய்யும்போதும், பெரிய படத்தைத் திறக்கும்போதும் தெரிகிறது. பெண்டியத்தில் ஏவிஎக்ஸ் என்ற வசதி கிடையாது, அதனால் ஏறவே மறுத்த சில சாஃப்ட்வேர்கள் இதில் ஏறின. ஆனால் எஸ்எஸ்டி கொடுத்த சந்தோஷத்தில் கால் பங்கு என்று சொன்னால் தாராளம். கையில் காசு இறுக்கம் என்றால் இதை விட்டுவிடலாம்.

கிராபிக்ஸ் கார்டு வாங்கவில்லை. யூடியூப் திணறினால் அதற்கும் வழி இருக்கிறது: இந்த பிராசஸரின் உள்கிராபிக்ஸ் எச்.264 வகை வீடியோவைத் தானே அவிழ்க்கும், யூடியூப் அனுப்பும் விபி9 வகையை அவிழ்க்கத் தெரியாது. எச்.264 மட்டும் கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் பிரவுசரில் போட்டதும் 1080பி சுலபமாக ஓடுகிறது.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. ஒரு வருடம் நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் வழி வைத்திருக்கிறது, 2026 அக்டோபர் வரை. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை இன்டெலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது, குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் ஒரு அப்டேட்டில் காலை வாரிவிட்டால் என் ஆடி மாத வருமானம் போகும். அதனால் எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மிண்ட் 22, இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை ஆதரவு உண்டு. தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற தட்டச்சு வசதி வழியாக வந்துவிட்டது. பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரான ஸ்கிரைபஸ் 1.6-ல் தமிழ் எழுத்து உடையாமல் சேர்கிறது, அச்சுக்கு வேண்டிய சிஎம்ஒய்கே (நான்கு மை) பிடிஎஃப்பும் தருகிறது.

சங்கடம் பேஜ்மேக்கரில்தான். பழைய வாடிக்கையாளர்களின் ஃபைல் எல்லாம் அதில், யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்ட்டில் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஃபாண்ட்டுகள். வேறு எங்கே திறந்தாலும் குப்பையாகத் தெரியும். அதற்காகப் பழைய ஹார்டு டிஸ்கை விண்டோஸ் 7-ஓடு அப்படியே விட்டிருக்கிறேன். அதிலிருந்து பூட் செய்யும்போது நெட் வயரைப் பிடுங்கிவிடுவேன். லேசர் பிரிண்டரும் லினக்ஸில் பிடிவாதம் பிடிக்கிறது. பெரிய பிரிண்ட் என்றால் அந்தப் பக்கமே போகவேண்டும். தினமும் இப்படி மாறி மாறி வேலை செய்ய வேண்டியவர்களுக்கு என் ஏற்பாடு எரிச்சலாகத்தான் இருக்கும்.

மொத்தச் செலவு ஏழாயிரத்து இருநூறை ஒட்டி வரும், ஒரே நேரத்தில் இல்லாமல் பத்திரிகைக் காசு வரவர. உங்களிடம் ஏற்கெனவே மெஷின் இருந்தால் இந்த வழியில் போகலாம். மெஷினே இல்லை என்றால் எச்61-ஐத் தேடிப்போக வேண்டாம். ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய எட்டாம் தலைமுறை மெஷின்கள் ரீஃபர்பிஷ்டில் கிடைக்கின்றன, விண்டோஸ் 11-உம் முறைப்படி ஏறும். வாங்கும்போதே ராம் போதுமான அளவு உள்ளதாகப் பாருங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் பின்னால் சேர்ப்பது கட்டுப்படியாகாது.

இந்த போர்டு போகிற அன்று இன்னொரு எச்61 போர்டு தேடமாட்டேன். எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்ததில் மாட்டிக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ் மட்டும் சந்தேகம்: ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் மெஷின்களில் பலவற்றுக்குக் கனெக்டரும் அளவும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, நம்முடையது உள்ளே பொருந்தாது. அசெம்பிள் செய்த பழைய மெஷினாகவே கிடைத்தால் அதுவும் கூட வந்துவிடும்.